இரண்டாம் வால்வு

வெளியே நின்று ஊதினால் ஒட்டவில்லை.
கார்கள் நிற்கிற வெளியில், நாற்பத்தாறு டிகிரியில்,
மூன்று வால்வும் சொன்னபடி கேட்டன.
ஆலயத்துக்குள், ஏசிக்கு நேர் கீழே,
காணிக்கைப் பாட்டின் இரண்டாம் அடியில்
நடுவிரலோடு கீழே போன பிஸ்டன்
விரல் மேலே வந்தும் வரவில்லை.
அரைச் சுருதி இறங்கி
நான் மட்டும் வேறொரு பூசையில் ஊதிக்கொண்டிருந்தேன்.
எமெல்டா அக்கா ஆர்கனிலிருந்து
திரும்பிப் பார்க்கவில்லை.
அவர் திட்டுகிற விதம் அது.

மணல் என்றேன்.
இந்த ஊரில் எது நின்றாலும் மணல்தான் காரணம்:
லிஃப்ட், லாரி, கைக்கடிகாரம்.
ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றார்
சாக்ஸபோன் வாசிக்கிற மெனேசிஸ்.
மூன்று சொட்டு எண்ணெய் விட்டேன்.
பிறகு இன்னும் மூன்று.
அடுத்த வெள்ளி இன்னும் இறுகியது.

சார்ஜா, தொழிற்பேட்டை பத்து,
ஆறு கட்டில், ஒரு குளியலறை.
வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும் என்பது விதி.
ஆகஸ்டில் இங்கே குளிர்நீர்க் குழாயைத் திறந்தால்
மொட்டைமாடித் தொட்டியின் வெயில் கொட்டும்,
முட்டை அவிக்கலாம்.
சிவப்புப் புள்ளி வைத்த குழாயில்தான்,
மே மாதமே அணைத்துப் போட்ட ஹீட்டரில் கிடந்த நீர்,
தோல் பொறுக்கிற சூட்டில் வரும்.
வந்த முதல் வருஷம் தெரியாமல்
முதுகைப் பொசுக்கிக்கொண்டவன் நான்.

வாளியில் பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம்.
நடு மூடியைத் திருகி, நேராக மேலே இழுத்தேன்.
அழுத்திப் பிடித்த கையிலிருந்து
பிள்ளை கையை உருவுவதுபோல் வந்தது.
முகம் தெரிய வேண்டிய உலோகத்தில்
மங்கலாய் ஒரு வெள்ளைப் பூச்சு.
விரலால் வழித்தேன். விரல் சூட்டிலேயே உருகியது.
மோந்து பார்த்தேன்.
பரமார்த்தலிங்கத்தின் தலை.

ஏப்ரலிலேயே தீர்ந்திருக்க வேண்டிய குப்பி
ஏன் தீரவில்லை என்று
ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளாத மடையன் நான்.
அலமாரி மேல் அவன் தலைக்கு வைக்கிற பாட்டில்
ஏசிக் காற்றில் மெழுகாய் உறைந்து நிற்பதை,
காலையில் அவன் அதைக் கக்கத்தில் இடுக்கி
உருக்குவதை, தினமும் பார்க்கிறவன்.

‘காலியாக் கெடந்துச்சு, ஊத்தி வச்சேன்’ என்றான்,
போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.
‘கடை எண்ணெ இல்ல. செக்கெண்ணெ.
தங்கச்சி குடுத்துவிட்டது.’

எட்டாம் மாடி உயரத்தில்
இரும்புக் குழாய்களை முடுக்கிவிட்டு வருகிறவன்.
உள்ளங்கையில் கோடுகளே இல்லை.
அவனிடம் என்ன சொல்ல?

பழைய பனியனைக் கிழித்து, குச்சியில் சுற்றி
உள்ளே விட்டுத் துடைத்தேன்.
நூல் பிரிந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி துடைத்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
பொறித்த எண் பார்த்து இறக்கினேன்;
மாறிப் போட்டால் மூச்சு திரும்பி முகத்துக்கே வரும்.
பஸ் பிடித்து, துபாய் போய், முப்பத்தெட்டு திர்ஹம்.
புது எண்ணெயைக் காலுறைக்குள் ஒளித்தேன்.
பழைய குப்பி அதே இடத்தில், அவன் பார்வையில்.
அலமாரிக் கதவின் கீலுக்கு ஆகிறது.

இரவில் ஊத முடியாது.
நைட் டூட்டி முடித்தவர்கள், காலை டூட்டிக்குப் போகிறவர்கள்,
யாராவது தூங்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.
மேல் கட்டிலில் படுத்து
ட்ரம்பெட்டை நெஞ்சில் சாய்த்து
காணிக்கைப் பாட்டை விரலால் மட்டும் போனேன்,
டக், டக், டக்டக்.

கீழ்க் கட்டிலிலிருந்து குரல்:
‘இப்ப ஏறுதுல்ல?’

எது என்றேன்.

‘நடுவுல உள்ளது. ரெண்டு மாசமா
எறங்குற சத்தம் கேக்கும், ஏறுற சத்தம் கேக்காது.
நானும் முழிச்சுக் கெடப்பேன்,
இப்ப ஏறும், இப்ப ஏறும்னு.’

புரண்டு படுத்தான். கட்டில் கிறீச்சிட்டது.
‘எண்ணெ விட்டதுல சரியாயிருச்சு பாரு.’

ஆமா என்றேன்.